பயம் வரும், வேலை முந்தும்

கேள்வி: ஆபத்து என்றாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சிலர் மட்டும் எப்படி நிதானமாக இருக்கிறார்கள்?
– வாசகி, தென்காசி

பதில்: பயம் அவர்களுக்கும் வரும், வேலை அதை முந்திக்கொள்ளும்! 2009 ஜனவரி 15, நியூயார்க். விமானம் கிளம்பிய சில நிமிடங்களிலேயே பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போயின. கேப்டன் சல்லன்பெர்கர் உடனே வால்பகுதியில் இருக்கும் துணை இன்ஜினை இயக்கினார். அப்போதைய அவசர செக்லிஸ்ட்டில் அது மிகவும் பின்னால்தான் இருந்தது. அதை முன்கூட்டியே செய்ததால் மின்சாரம் நிற்கவில்லை, விமானம் சொன்னபடி கேட்டது. சுமார் மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். தண்ணீர் புகுந்த விமானத்துக்குள் இரண்டு தடவை நடந்து, யாரும் இல்லை என்று பார்த்த பிறகே வெளியேறினார். அந்த இரண்டாவது நடைக்குத்தான் என் பெரிய சல்யூட். ஆபத்தில் கை தானாக ஓட, நீங்கள் இன்றைக்கே கண்ணை மூடிக்கொண்டு கேஸ் ரெகுலேட்டரை அணைத்துப் பழகுங்கள், அம்மா.