வைகறை நடை: தோற்றமும் வளர்ச்சியும் தேய்வும்

தமிழரின் நடைப்பயிற்சி குறித்து முழுமையான ஆய்வேடு எதுவும் இக்கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. தேடவும் இல்லை. மருத்துவர்கள் 'தினமும் நடங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்துவிடுகிறார்கள். நடக்கத் தொடங்கியவர் ஏன் நின்றுபோனார் என்ற கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதை எடுத்து ஆராய்வதே இங்கு நோக்கம். ஆய்வு எல்லை நம்மூர்ப் பூங்காக்களும் அவற்றின் வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளும்.

முதல், கரு, உரி எனத் தொல்காப்பியர் வகுத்த முறை இதற்கும் செல்லும். நிலம் பூங்கா, பூங்கா இல்லாதவர்க்கு மொட்டைமாடி. கருப்பொருளாவன: சாயம்போன டீஷர்ட், சாயம்போகாத புது ஷூ, குரங்குக் குல்லா, தெருநாய், தெருநாயை முன்னிட்டு ஏந்திய குச்சி, அருகம்புல் சாறு. பொழுது வைகறை. வைகறை மருதத்துக்கு உரிய சிறுபொழுது என்பதும் மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்பதும் கற்றோர் அறிந்தவையே. ஐந்து மணிக்கு அலாரம் வைப்பவன் தலைவன். அது அடிக்கும்போது விழித்துக்கொள்பவள் தலைவி. அவன் புரண்டு படுக்கிறான். 'எழுந்திரிக்கப் போறீங்களா, இல்ல இதைத் தூக்கித் தண்ணித்தொட்டியில போடவா?' எனத் தலைவி கூற்று நிகழ்கிறது. ஊடலைப் பண்டையோர் இந்தப் பொழுதில் வைத்தது காரணமின்றி அன்று.

பெரும்பொழுதில்தான் சிக்கல். நடை பெரும்பாலும் ஜனவரி 1 அன்று பிறக்கிறது. அன்று தவறினால் தை முதல் நாள். அதுவும் தவறினால் சித்திரை, சித்திரையில் வெயில். ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. ஐப்பசியில் மழை. மார்கழியில் பனி, சென்னைவாசிக்குக் கூடுதலாகச் சபா கேன்டீன். ஆக மறுபடி ஜனவரி 1. இது நம்மவர் குறை மட்டும் அன்று. வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்வது கூடுகிறது என 2014இல் அமெரிக்காவில் பணிபுரிந்த ஹெங்சன் டாய் முதலிய ஆய்வாளர் மூவர் காட்டியுள்ளனர். தொடங்குவதற்கு இத்தனை நல்ல நாள் வைத்திருக்கும் நம் பஞ்சாங்கத்தை அவர்கள் பார்க்காமல் போனது ஆய்வுலகுக்கு இழப்பே.

இனி, நடை பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்பது வாட்ஸப் மரபு. அதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூல். முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் அந்தப் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாளாகிறது என்றார் அவர். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்தது. மூக்குக்குச் சொன்ன கணக்கைக் காலுக்கு மாட்டிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து, 2009இல் வெளியிட்ட முடிவு வேறு: இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சி மெல்லத்தான் படிந்தது. நம் மண்டலக் கணக்கான 48, இருவர்க்கும் இடையே அமர்ந்திருப்பதால் 'முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர்' என்று முழங்க நா துடிக்கிறது. ஆயினும் மண்டலம் மருந்துக்கும் விரதத்துக்கும் சொன்னது. நடைக்கும் சொன்னார்கள் என்று எவரேனும் ஓலை கொண்டுவந்தால் ஏற்போம்.

நாள்கணக்கு இப்படியென்றால் அடிக்கணக்கு இன்னும் வேடிக்கை. பத்தாயிரம் அடி என்பது 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் அடிமானிக்குச் சூட்டிய பெயரிலிருந்து பரவியது. முதிய பெண்களிடையே ஐ-மின் லீ குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு அபாயம் சுமார் 7,500 அடி வரைதான் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு மேல் பெரிய மாற்றமில்லை. ஆகவே இரவு பதினொரு மணிக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் உலவி எண்ணிக்கையை நிரப்பும் மாமாக்கள் தூங்கப் போகலாம்.

பழக்கத்தை நிலைநிறுத்துவது எது என்பதே கட்டுரையின் உயிர்நிலை. மனஉறுதி என்பர் ஒரு சாரார். பூங்கா வாசலில் அரை மணி நேரம் நின்றால் அக்கொள்கை ஆட்டங்காணும். ஏழெட்டுப் பேர் ஆண்டுக்கணக்காக வருகிறார்கள். அவர்களில் மனஉறுதி உடையவர் முகம் ஒன்றுகூடத் தென்படவில்லை. அவர்களை இழுப்பது ஒரு வாக்கியம்: 'என்ன சார், நேத்து ஆளையே காணோம்?' இக்கேள்விக்குப் பயந்து எழுவோர் தொகை, சர்க்கரைக்குப் பயந்து எழுவோர் தொகையினும் பெரிது என்பது இக்கட்டுரையாளர் துணிபு. இரண்டாவது ஈர்ப்பு, நடை முடிவில் கூட்டாகத் தின்னும் வடை.

அற்றேல், அரை மணி வேகநடையில் கரைவது நடுத்தர உடம்புக்கு ஏறத்தாழ 140 கலோரியே; ஓர் உளுந்துவடை அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுமே எனின், எடை ஒன்றே நடையின் பயன் எனக் கொண்டார்க்கே அத்தடை என்க. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தணிவதற்கு நடை வேண்டும். நடைக்கு ஆள் வரவேண்டும். ஆள் வருவதற்கு வடை வேண்டும். அருகம்புல் சாற்றை நம்பி ஆண்டுக்கணக்காக வருவோர் உளரேனும் அவர் சிறுபான்மையினர்.

கடைசியாக ஒரு மறுப்பு. 'ஒருநாள் விட்டேன், எல்லாம் போச்சு, இனி தையில பார்ப்போம்' என்னும் கொள்கை தமிழ்நாடெங்கும் வழங்குகிறது. ஒருநாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் லாலி குழுவினர் கண்டதே. மழை பெய்த நாளுக்கு மறுநாளும் பூங்கா திறந்தே இருக்கும்.

வடை பற்றிய முடிவு: நடையர் இருவர்க்கு ஒன்று. சாம்பாரில் ஊறியது இவ்விதியில் அடங்காது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.