ஏற்கெனவே பார்த்த படம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற சொகுசு பஸ்கள் விடியப்புறத்தில் எங்கள் ஊரைத் தாண்டிப் போகின்றன. ஓமந்தை முடிந்து கனகராயன்குளம் வருவதற்கிடையில் புளியங்குளம் என்று ஒன்று வந்து போனது, உள்ளே ஏசிக் குளிரில் போர்த்துமூடிக் கிடப்பவர்களுக்குத் தெரியாது. சந்தியில் இறங்கி நெடுங்கேணிப் பக்கம் போகிற ஒன்றிரண்டு பேர் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள்.

இதே சந்தியில் ஒரு காலத்தில் உலகமே இறங்கி நின்றது. 2002 இல் கண்டி வீதி திறந்ததிலிருந்து 2006 இல் மறுபடி மூடும்வரை, ஓமந்தையில் ஆமி சோதித்து விட்டால் அடுத்தது புளியங்குளத்தில் புலிகள் இயக்கத்தின் சோதனைச் சாவடி. கனடாக்காரர், லண்டன் மாப்பிள்ளை, கொழும்புப் பத்திரிகைக்காரர் எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கித்தான் ஆகவேண்டும். படிவம் நிரப்ப வேண்டும், சாமானுக்கு ஆயம் கட்ட வேண்டும். என் பெரியம்மா பின்னேரங்களில் வந்து தேத்தண்ணிக் கடை வாங்கிலில் குந்திவிடுவார். வீட்டில் வேலை கிடக்கிறதே என்று கூப்பிடப் போனால், "உலகத்தைப் பாக்க ஏனடி ஊர் ஊராத் திரிவான்? உலகம் பேனையும் கையுமா இஞ்சை நிக்குது" என்பார். கொழுத்த வெயிலில் கோட்டுப் போட்டு வந்த ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்புக்கு நான் வீடு வரும்வரை வெட்கப்பட்டேன். இப்போது எனக்கும் பெரியம்மாவின் வயது. வாங்கில் இருக்கிறது, வெயில் இருக்கிறது. இறங்கத்தான் ஆளில்லை.

பஸ்ஸை விட ரெயில்தான் எங்களுக்கு நெருங்கிய சொந்தம். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக்குக் கை காட்டி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே ரெயில் நின்றது. நின்ற ரெயிலுக்குத் தண்டவாளம் எதற்கு என்று அதைக் கழற்றிப் பதுங்கு குழிக்கு மேல் போட்டார்கள். சிலிப்பர் கட்டையும் அதற்கே போயிற்று. மற்ற ஊர்க்காரர் தண்டவாளத்துக்கு மேலே பயணம் போனவர்கள். நாங்கள் கீழே இருந்து போனோம். 1997 மே 13 ஆம் திகதி ஆமியின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, செல் எங்கள் பக்கம் விழத் தொடங்கியபோது, என் வீட்டுக்காரர் குழிக்குள் எங்களைத் தள்ளி இறக்கிவிட்டு, கடைசியாகத் தானும் இறங்கி, இருட்டில் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து, "எல்லாரும் ரிக்கற் எடுத்தாச்சோ?" என்று கேட்பார். மாமியார் மட்டும் கோபத்தோடு, "நான் எடுக்கேல்லை, என்னை இறக்கிவிடு" என்பார். "இது எக்ஸ்பிரஸ் அம்மா. அடுத்த ஸ்ரேசன் மாங்குளம்தான்."

அந்த மனிசனின் வாய் பலித்தது. அடுத்தது மாங்குளம்தான். அதற்கடுத்தது மல்லாவி. மல்லாவிக்கு இன்றைக்கும் ரெயில் இல்லை. கதவு, நிலை, கூரைத் தகரம் எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, உச்சியில் கோழிக் கூட்டையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு போனோம். கோழி முட்டையிட்டது வழியிலா, போய்ச் சேர்ந்த பிறகா என்று எங்கள் வீட்டில் கன வருடம் சண்டை நடந்தது. சண்டை பிடித்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை, இவர் உட்பட. 2013 செப்டெம்பர் 14 ஆம் திகதி ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு ரெயில் மறுபடி ஓடியது. சில நாள் கழித்து நானும் ஏறினேன். ரிக்கற்றைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். கேட்க ஆள் இல்லாதபோதுதான் ஒழுங்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. முன்னால் இருந்த பிள்ளை, "ஆச்சிக்கு என்ன சந்தோசம்?" என்று கேட்டது. "கன காலத்துக்குப் பிறகு தண்டவாளத்துக்கு மேலை இருக்கிறன் மோனை" என்றேன். பிள்ளை விளங்காமல் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

எங்களுடைய திறமைகள் எல்லாம் எங்களோடு மண்ணுக்குள் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். 2022 வந்து காப்பாற்றியது.

நாட்டில் டொலர் இல்லை என்றார்கள். டொலர் இல்லாததால் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. வெள்ளவத்தையில் இருக்கிற மகள், மாதத்தில் ஒருமுறை கடமைக்கு எடுப்பவள், நாளுக்கு மூன்று முறை எடுக்கத் தொடங்கினாள். "அம்மா, விறகு நனைஞ்சிருந்தா என்ன செய்யிறது?" "அம்மா, பானையிலை கரி பிடிக்காம இருக்க அடியிலை என்ன பூசுவீங்கள்?" மூன்றாம் மாடிப் பல்கனியில் மூன்று கல்லு வைத்து உலை ஏற்றுகிறாளாம். பத்து வருடத்துக்கு முதல், நான் கொழும்பு வந்தால் என் சேலையில் புகை மணக்கிறது என்று சொன்னவள் அவள். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. ஒரே ஒரு தரம்தான் ஞாபகப்படுத்தினேன்.

பேத்திக்கு ஜாம் போத்தல் விளக்குச் செய்யச் சொல்லிக்கொடுத்தேன், போனில் முகத்தைப் பார்த்தபடி. பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் படித்த பிள்ளைகள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் படித்தவைதான். "போத்தலை எடு பிள்ளை. அடியிலை கொஞ்சம் பஞ்சை வை. பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடு, குளமா விடாதை. பழைய சைக்கிள் வால்வுக்குள்ளை திரியைச் செருகி, கம்பியாலை கட்டி உள்ளுக்கு இறக்கு. நெருப்பு போத்தலுக்குள்ளை நிண்டு எரியும், காத்துக்கும் நூராது."

"அம்மம்மா, ஜாம் இன்னும் முடியேல்லை."

"எங்கடை காலத்திலை போத்தல் இருந்தது பிள்ளை, ஜாம்தான் இல்லை."

இது பகிடியில்லை. அந்த நாளில் வன்னிக்குள் ஜாம் சாப்பிட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் இருந்தது. எங்கிருந்து வந்தன என்பது இன்றுவரை விளங்காத மர்மம்.

மருமகனுக்கு வேறு கவலை. கியூஆர் காட்டினால் காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர், அதற்கும் வரிசை. தொழில் ஆலோசனை கேட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிளுக்குச் சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் எடுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டியதைச் சொன்னேன். ஒரு போத்தல் பெற்றோல் பொன் விலை விற்ற காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ கரண்டில் றேடியோ செய்தி சொன்ன கதையையும் சொன்னேன். செய்தி பிடிக்காவிட்டால் சுற்றுகிறவர் கையை எடுத்துவிடுவார், செய்தியும் நின்றுவிடும். அதைவிட நல்ல தணிக்கை எந்த அரசாங்கமும் செய்ததில்லை. மருமகன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "மாமி, இது ஹைபிரிட் கார்" என்றார்.

அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. பக்கத்து வளவு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "போன முறை தடை எண்டவை, இந்த முறை விலை எண்டினம்" என்றாள். மச்சாள் அரசியல் பேசுவதில்லை. இதுபோல எப்போதாவது ஒரு வரி.

சவுக்காரம் கிடைக்காத காலத்தில் பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தோம். வெளுக்கும், ஆனால் மணம் போகாது. கொடியில் காயப்போட்டால் மாடு வந்து சப்பும். என் கூறைச் சேலையின் ஒரு கரையை அயல்வீட்டுப் பசு சாப்பிட்டது. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. பனங்கட்டியில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கி மூன்று மிடறு குடிப்போம். 2002 இல் தடை நீங்கிச் சீனி வந்தது, ஆசை தீரப் போட்டுக் குடித்தோம். இப்போது கிளினிக்கில் டொக்டர் தம்பி கொப்பியைப் பார்த்துவிட்டு, சீனியைத் தொடக்கூடாது என்கிறார். அரசாங்கத் தடையாவது பேச்சுவார்த்தையில் நீங்கியது. இந்தத் தடைக்கு நோர்வே வந்தாலும் நடக்காது.

எண்ணுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களைப்போல எண்ணப்பட்ட சனம் உலகத்தில் குறைவு. நிவாரணத்துக்கு எண்ணினார்கள், பாஸுக்கு எண்ணினார்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாமில் வரும்போது எண்ணி, இருக்கும்போது எண்ணி, விடும்போதும் எண்ணினார்கள். முகாமின் பகுதிகளுக்குத் தமிழ்ப் பெரியார்களின் பெயர் வைத்திருந்தார்கள்: கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி. இன்றைக்கும் மச்சாளும் நானும் கதைக்கும்போது, "நான் இராமநாதன்", "நான் ஆனந்தகுமாரசுவாமி" என்போம். கேட்கிற பிள்ளைகள் நாங்கள் ஏதோ பெரிய கல்லூரிகளில் படித்தவர்கள் என்று நினைப்பார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

அப்படி எண்ணப்பட்ட எங்களிடம், 2025 மார்ச் 15 ஆம் திகதி அரசாங்கம் எண்ணும் வேலையைத் தந்தது. காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்துவரை, நாடு முழுக்க, அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணிப் படிவத்தில் எழுதவேண்டும். பயிரை அழிக்கிற விலங்குகளின் கணக்கு வேண்டுமாம். நான் முகம் கழுவி, நல்ல சேலை உடுத்து, பேனையோடு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் உத்தியோகத்தர். இரண்டு மயில் வந்தது. குரங்கு ஒன்றும் இல்லை. நாள்தோறும் என் பப்பாசியைத் தின்கிற கூட்டம் அன்றைக்கு எங்கே போனதோ, பதிவு என்றால் ஓடி ஒளிக்க அதுகளும் எங்களிடம் பழகியிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சாள் கேட்டாள்: "வளவுக்குள்ளை பாய்ஞ்சு திரியிற எல்லாத்தையும் எழுதட்டாம் எண்டால், பேரன்மார் ரெண்டு பேரையும் எழுதட்டே?"

யானை அந்தப் பட்டியலில் இல்லை. தேவையுமில்லை, அது தானே வந்து கேற்றைத் தள்ளித் தன் வரவைப் பதிகிறது. வெடிச் சத்தம் வேண்டாம் என்று ஊர் ஊராக ஓடிய நாங்கள் இப்போது யானை வெடி தாருங்கள் என்று மனு எழுதுகிறோம். இந்தத் தடவை நாங்கள் கேட்டது வருகிறதில்லை.

இனி முதியோர் தினக் கதை. இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமையைப் பாதுகாக்கிறது. அது நிறைவேறியபோது நாங்கள் மல்லாவியில் கொட்டிலுக்குள் இருந்தோம். எங்களுக்குச் சொல்லாமலே பாதுகாத்திருக்கிறார்கள். அந்தச் சட்டப்படி அறுபது வயதானால் முதியவர். கொடுப்பனவுக்கு எழுபது ஆகவேண்டும். இடைப்பட்ட பத்து வருடம் சம்பளமில்லாத கௌரவப் பதவி. ஒக்ரோபர் முதலாம் திகதி அளவில் பொதுநோக்கு மண்டபத்தில் விழா வைப்பார்கள். தேசிக்காயும் கரண்டியும், பலூன் உடைத்தல், சங்கீதக் கதிரை. "யானைக்குக் கண் வைத்தல்" போட்டிக்கு மட்டும் எங்கள் ஊரில் ஆர்வம் இல்லை. யானைதான் எங்கள் மேல் கண் வைத்திருக்கிறது.

ஒரு வருடம் சங்கீதக் கதிரைக்குப் பெயர் கொடுத்தோம். பாட்டுப் போடுகிற பிள்ளைக்கு ஒரே பயம். "அம்மாமார், ஆறுதலா நடவுங்கோ, விழுந்திடுவீங்கள், போட்டி முக்கியமில்லை" என்று மைக்கில் கெஞ்சியது. பாவம், அது பிறந்தபோது நாங்கள் தண்ணீர் வவுசருக்கு வரிசையில் நின்றிருப்போம். இடம் பிடிப்பது எப்படி என்று மெனிக்பாமில் படித்த பட்டதாரிகள் நாங்கள். பாட்டு நின்றதும் முழங்கால் வருத்தம், இடுப்பு வருத்தம், கண்ணில் கற்றரக்ற் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எண்பது தாண்டிய ஒரு ஆச்சி பொல்லை முதலில் கதிரையில் வைத்துவிட்டு, பொல்லு இருந்தால் தான் இருந்த மாதிரி என்று வாதாடினார். வாளியை வைத்து இடம் பிடித்த பழக்கம். நடுவர் தம்பி விதியைப் புரட்டிப் பார்த்தும் பதில் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு கதிரை, நானும் மச்சாளும். இராமநாதனும் ஆனந்தகுமாரசுவாமியும். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் என்ன நடக்குமோ என்று அந்தப் பிள்ளை நிறுத்தாமல் விட்டுவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தோம், மூச்சு வாங்கியது, நிறுத்தடி என்று சனம் கத்தியது. நின்றது. இரண்டு பேரும் சேர்ந்தே இருந்தோம். பிளாஸ்டிக் கதிரையின் நாலு காலும் நாலு பக்கம் விரிந்து, இருவரும் நிலத்தில். மண்டபம் ஒரு கணம் பயந்து அடங்கியது. பிறகு மச்சாள் விழுந்த இடத்திலிருந்தே, "எல்லாரும் ரிக்கற் எடுத்தாச்சோ?" என்றாள். இவருடைய பகிடி அயலெல்லாம் தெரிந்ததுதான், அவள் இவருடைய தங்கைதானே. சிரித்த சிரிப்பில் எழும்ப ஆறு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

பரிசு ஒன்றுதான்: மூடியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. நடுவர் இருவருக்கும் சமன் என்று தீர்ப்புச் சொன்னார். வாளி எனக்கு, மூடி மச்சாளுக்கு. அவள் மூடியை வைத்துக் கோழிக்குஞ்சு மூடுகிறாள். என் வாளிக்குள் மாரியில் தவளை விழுகிறது. மூடியைத் தந்தால் என் குஞ்சு பெரிதானதும் ஒரு பேடு தருவதாகச் சொன்னேன், மாட்டாளாம். ஞாயமாகப் பார்த்தால் தன்னுடைய பாதிதான் முதலில் கதிரையில் பட்டதாம்.