இந்த மாசம் வாங்கிருவேன்

திண்டுக்கல்லில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாகல் நகரிலும் இருக்கிறார், பேகம்பூரிலும் இருக்கிறார், பழனி ரோட்டிலும் இருக்கிறார். வயசு நாற்பதைத் தாண்டியிருக்கும். நூல் மில்லில் கணக்கு பார்ப்பார், இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டு ஹாலில், யாரோ கல்யாணத்தில் கொடுத்த டவலைப் போர்த்திக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் நிற்கும். 2012-இல் ஊரே இருட்டில் கிடந்த மின்வெட்டுக் காலத்தில் அசெம்பிள் செய்தது என்பதால் பக்கத்தில் ஒரு யூபிஎஸ்ஸும் உண்டு. பேட்டரி செத்துப் பல வருஷமாகிவிட்டது. இப்போது அதன் மேல் மிக்சர் டப்பா உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப்போகிறார். எப்போது கேட்டாலும் வாங்கப்போகிறார்.

"இந்த மாசம் வாங்கிருவேன் மாப்ள. கார்டு ஒண்ணு மட்டும் போட்டுட்டா இன்னும் அஞ்சு வருசத்துக்கு அசையாது."

எதற்குக் கார்டு? மனைவியிடம் பையன் படிப்புக்கு என்பார். பையனிடம் வீடியோ எடிட்டிங்குக்கு என்பார். பையன் அஞ்சாப்பு படித்தபோது தொடங்கிய பேச்சு இது. அவன் இப்போது இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்து சொந்தமாக லேப்டாப்பும் வாங்கிவிட்டான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், சத்தத்தை அணைத்துவிட்டு, திருட்டுக் கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை அவர் ஆடுவது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. கார் ஒரு தெரு திரும்புவதற்குள் போலீஸ்காரன் நடந்தே வந்து பிடித்துவிடுகிறான். அவ்வளவு வேகம்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவை நிஜமாகவே கிளம்பினார். 2016 அக்டோபரில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வந்தது. 75 வாட்டில் ஓடுகிற கார்டு. மதர்போர்டு ஸ்லாட்டே அந்த 75 வாட்டைக் கொடுத்துவிடும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி ஒயர் வேண்டாம். பழைய பெட்டிக்கென்றே பிறந்தது. நவம்பர் முதல் வாரம் பணத்தை எடுத்து பீரோவில் வைத்தார், அத்தனையும் ஐந்நூறு ரூபாய்த் தாள். எட்டாம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார்.

அடுத்த வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. "வரி ஒரு நிலைக்கு வரட்டும்" என்றார். அது வருவதற்குள் ஈத்தரியம் என்கிற கிரிப்டோ காசைத் தோண்டுகிறவர்கள் உலகம் பூராவும் கார்டுகளை வாரிக்கொண்டு போனார்கள். விலை இறங்கிய நேரத்தில், 2019 ஏப்ரலில், ஜிடிஎக்ஸ் 1650 வந்தது. "புதுசு வந்துருச்சுல்ல, இனிமே பழசு விலை விழும் பாரு." 2020-இல் ஊரடங்கு. 2021-இல் மறுபடி தோண்டல், கூடவே சிப் தட்டுப்பாடு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈத்தரியம் அந்தத் தோண்டல் முறையையே கைவிட, ராப்பகலாக உழைத்த கார்டுகளெல்லாம் செகண்ட் ஹேண்டில் மலிந்தன. இப்போதாவது வாங்குவார் என்று நினைத்தோம். "சுரங்கத்துல வேலை பாத்த கார்டுப்பா. வெளிய பளபளன்னு இருக்கும், நெஞ்சு வலி உள்ள இருக்கும்" என்று ஒதுக்கிவிட்டார்.

அந்த வருஷமே வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400-ஐயும் விடவில்லை. 53 வாட்தான், சின்ன உடம்பு, எல்லாம் சரி. ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸில் நாலு லேன் மட்டுமே பிடிக்கும். பழைய போர்டு ஸ்லாட்டின் வேகமும் குறைவு என்பதால் பாதி நேரம் வழியிலேயே நிற்கும். இதைத் தெருவில் முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான்.

இங்கேதான் அவரைப் பற்றி ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பாது. திண்டுக்கல்காரர்கள் பூட்டு வாங்கினால் முதலில் "எத்தனை லீவர்?" என்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. லீவர் கூடக்கூட உறுதி கூடும். அதே வாயோடு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் "எத்தனை ஜிபி?" என்று கேட்டு, 4 ஜிபி ஜிடி 730-ஐ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். அவர் தலையில் அடித்துக்கொள்வார். "டிடிஆர்3 மெமரிடா அது. நாலு ஜிபி இருந்து என்ன, அந்தச் சிப்புக்கு அத்தனையும் மென்னு முழுங்கத் தெம்பு ஏது? ரெண்டு ஜிபி ஜிடிடிஆர்5 வாங்கியிருந்தா இதைவிட நல்லா ஓடும்." ஜிடி 1030-இல் டிடிஆர்4 போட்டு அதே பெயரில் விற்பதையும் அவர்தான் எச்சரித்தார். மெமரி வேகம் மூணில் ஒரு பங்குதான். அட்டைப்பெட்டியில் ஓரமாகச் சின்ன எழுத்தில் இருக்கும்.

போன மாதம் எதிர்வீட்டுத் தம்பியின் பெட்டியைத் திறந்தார். பக்கத் தகட்டைக் கழற்றியதும் இரண்டு பல்லி முட்டை, நாலு வருஷத் தூசி. பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று அடிக்கச் சொன்னார். ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் அதன் பொன் பற்களைத் தேய்த்து மாட்டினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை வாசித்தார்.

"என்னடா போட்டிருக்கு?"

"450 வாட்ண்ணே."

"அது மேல போட்டிருக்கிறது. கீழ பன்னெண்டு வோல்ட்டுக்கு நேரா பாரு."

"14 ஆம்பியர்."

"பெருக்கு."

தம்பி செல்போனை எடுத்தான். "168."

"மிச்சம் எங்கடா?"

"எங்கண்ணே?"

"பெரும்பாலும் ஸ்டிக்கர்லதான். ஆர்எக்ஸ் 580 சல்லிசா கிடைக்குதுன்னு குதிச்சியே, அதுக்கு மட்டும் 185 வாட் வேணும். போட்டா, பவர் பட்டனை அமுக்குற கையோட ஃபியூஸ் கட்டையையும் பிடிச்சுக்க."

தம்பி அவர் பேச்சைக் கேட்டு ஜிடிஎக்ஸ் 1650-இல் ஒயர் வேண்டாத மாடல் ஒன்றை மதுரையில் வாங்கிப் போட்டான். ஜோராக ஓடுகிறது. மணிக்கூண்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர், தங்கச்சி மகன், மில்லில் கூட வேலை பார்க்கிறவர் என்று அவர் யோசனையில் கார்டு வாங்கிய எல்லோருக்கும் ஓடுகிறது. இணையத்தில் பாதி விலைக்கு வந்த 1050 டிஐ ஒன்றை ஜிபியு-இசட் என்கிற சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்து, "பயாஸை மாத்தி எழுதி ஏமாத்திருக்கான், உள்ள இருக்கிறது ஜிடிஎஸ் 450" என்று திருப்பி அனுப்ப வைத்ததும் அவர்தான். அவர் வீட்டில் மட்டும் மதர்போர்டோடு வந்த இன்டெல் கிராபிக்ஸே இன்னும் முக்கிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு தெரிந்தவருக்கு வாங்குவது கஷ்டம். ஒவ்வொரு கார்டின் குறையும் தலைகீழாக ஒப்பிக்க வருமே, எந்த மனசோடு பணத்தைக் கொடுப்பார்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அவருடைய பெட்டியில் இருக்கிற பழைய ஐ3 பிராசசருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. அதே மாதத்தோடு 1050 டிஐ வரிசைக்கு வழக்கமான புது டிரைவர்களையும் என்விடியா முடித்துக்கொண்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஒன்பது வருஷம் காத்திருந்த மனிதர் இடிந்துபோயிருப்பார் என்று ஆறுதல் சொல்லப் போனால், டீயை ஆற்றிக்கொண்டே, "பாத்தியா? நல்லவேளை வாங்கல" என்றார்.

அவருடைய பெட்டிக்கு உண்மையில் வேண்டியது ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும்தான். இதையும் அவரே சொல்லியிருக்கிறார். ரேம் விலை ஏறிக் கிடக்கிறதாம், இறங்கட்டும் என்கிறார்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்து, கார்டு போடுகிற யோசனையும் இருந்தால் தாராளமாக அவரிடமே கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு மட்டும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.