கூப்பிடாமல் வாய் திறக்காது

கே: மில்லுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் மீற்றர் பூட்டினேன். ஆர்எஸ்-485 வயரைக் கொம்பியூட்டர் வரை இழுத்தும் ஒரு சொல்லு வரவில்லை. மீற்றர் பழுதோ?
- அரிசி ஆலைக்காரர், பரந்தன்

ப: பழுதில்லை ஐயா, சபை மரியாதை தெரிந்த மீற்றர். மொட்பஸ் முறையில் அது தானாக வாய் திறக்காது. கொம்பியூட்டர் இலக்கம் சொல்லிக் கூப்பிட வேண்டும். மீற்றர் மெனுவில் இலக்கம், வேகம், பரிட்டி மூன்றையும் பார்த்து, கொம்பியூட்டரிலும் அப்படியே போடுங்கள். ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 19200 என்றால் சரிவராது. சைக்கிள் டைனமோ சுற்றிக் கசற் கேட்ட காலம் ஞாபகம் இருக்குமே? சுற்றுகிற பொடியன் களைத்தால் பாட்டு இழுபடும். அப்போது பாட்டாவது விளங்கியது. இங்கே அதுவும் விளங்காது.

பிறகும் மௌனம் என்றால் ஏ, பி வயர்களை மாற்றிப் பூட்டுங்கள். ஒரு கம்பனியின் ஏ இன்னொரு கம்பனிக்கு பி. மாற்றினால் ஒன்றும் எரியாது. (இந்த இரண்டு மெல்லிய வயரைத்தான் சொல்கிறேன். பக்கத்து 230 வோல்ற்றில் கை வைக்க எலக்ரீசியன் இருக்கிறார்.)

கே: இரண்டாவது மீற்றர் பூட்டியதும் முதலாவதும் படுத்துவிட்டதே?
- ஐஸ் ஆலை ஊழியர், முல்லைத்தீவு

ப: இரண்டுக்கும் இலக்கம் 1 ஆக இருக்கும். ஒரே வகுப்பில் இரண்டு சிவம். வாத்தியார் பெயர் கூப்பிட இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒன்றை 2 ஆக்குங்கள். 247 வரை இடமிருக்கிறது, கஞ்சத்தனம் வேண்டாம்.

கே: வோல்ற்றளவு 17254 என்று காட்டுகிறது. ட்ரான்ஸ்போமர் வெடிக்குமா?
- பொறியியல் மாணவி, அறிவியல் நகர்

ப: வெடிக்காது தங்கச்சி. அடுத்த பதிவேட்டில் 0 இருக்கிறதா என்று பாரும். இருந்தால் உமது மின்சாரம் அச்சொட்டாக 230 வோல்ற். தசம எண்ணை மீற்றர் 32 பிற்றில் எழுதி, பாதி பாதியாக இரண்டு பதிவேட்டில் வைக்கிறது. 230இன் முதல் பாதியை முழு எண்ணாக வாசித்தால் 17254. நீர் பாதிக் கடிதத்தை வாசித்துவிட்டுப் பதறுகிறீர். இரண்டையும் சேர்த்து வாசியும். வரிசையை மாற்றிச் சேர்த்தாலோ பூச்சியம்தான் தெரியும், கறண்ட் போய்விட்டது என்று அடுத்த கடிதம் எழுதுவீர்.

கே: மாதம் முடிய பில் வருகிறதே, இவ்வளவு மினக்கேடு எதற்கு?
- நெடுங்கேணி வாசகர்

ப: வீட்டுக்கு என்றால் தேவையில்லை. பெரிய மில்லுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகு விலை கூட. அந்த மாதம் தொட்ட ஆகக் கூடிய கேவிஏக்கும் தனிக்காசு. எந்த மோட்டர் எந்த நேரத்தில் ஓடி அந்த உச்சத்தைத் தொட்டது என்பதைப் பில் சொல்லாது. நிமிடத்துக்கு நிமிடம் கேட்டு வைத்த மீற்றர் சொல்லும். மில்காரர் முதலாளியாக இருப்பதும் கடன்காரராவதும் சில வேளை அந்த நாலு மணித்தியாலத்தில்தான் இருக்கிறது.

கே: அப்படியானால் மின்சார சபை மீற்றரிலேயே வயரைக் கொழுவினால் காசு மிச்சம்தானே?
- ஓமந்தை வாசகர்

ப: அதில் சீல் இருக்கிறது, அண்ணை. சீலை உடைத்தால் பேசப்போவது மீற்றர் இல்லை.