எடுக்க இருக்கிறதே!

கேள்வி: என் போனில் ஒளித்துவைக்க எதுவுமில்லை. ஸ்கிரீன் லாக் போட்டே ஆகவேண்டுமா?

பதில்: ஒளிக்க எதுவும் இல்லாமல் இருக்கலாம், எடுக்க இருக்கிறதே! வங்கியின் ஓடிபி அந்த போனுக்குத்தான் வருகிறது. போனை எடுத்தவனால் உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்தே உறவினர்களிடம் கடன் கேட்கவும் முடியும். அவசியம் பூட்டுங்கள். நான்கு இலக்கப் பின் நம்பருக்கு 10,000 வாய்ப்புகள். ஆறு இலக்கத்துக்கு 10 லட்சம். பிறந்த வருடம் மட்டும் வேண்டாம், அது ஊருக்கே தெரியும். பூட்டிய திரையில் ஓடிபி தெரியாதபடி மறைத்துவிடுங்கள். தெரிந்தால், கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். சிம்முக்கும் தனி பின் நம்பர் போடுங்கள். இல்லாவிட்டால், திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டதும் ஓடிபி அவனுக்குப் போய்விடும். வழியில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்ற பயமா? பூட்டிய போனிலிருந்தும் யாரும் அவசர எண் 112-ஐ அழைக்கலாம். அவசரத் தகவலில் வீட்டு எண்ணையும் பதிந்துவையுங்கள்.