காலித் தட்டு திரும்பாக் கோட்பாடு: மதுரைக் காம்பவுண்டு ஒன்றை முன்வைத்து

தீபாவளி பற்றி எழுதியவர்கள் நரகாசுரனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்க் குளியல், பட்டாசு, போனஸ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பலகாரத் தட்டைப் பற்றி எழுதத் துணிந்தவர் எவரும் என் கண்ணில் படவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போன தட்டு ஏன் வெறுமையாகத் திரும்பி வருவதில்லை என்ற கேள்வி தமிழாய்வுலகில் அநாதையாகக் கிடக்கிறது. அதைத் தத்தெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வுக்களம். ஒரே தலைவாசல், நடுவே முற்றம், முற்றத்தில் ஓர் அடிகுழாய், சுற்றிலும் குடித்தனங்கள். இதற்கு மதுரையில் காம்பவுண்டு என்று பெயர். எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடுகள். தலைவாசலை ஒட்டியது பாய் வீடு. அடிகுழாய்க்கு எதிரே டீச்சர் வீடு, அவர்கள் கிறிஸ்தவர்கள். மற்ற ஆறில் இரண்டு வீட்டார் முட்டையைக்கூடத் தொடமாட்டார்கள். மிச்ச நான்கில் தீபாவளியன்று விடிவதற்குள் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். தட்டு எந்த அடுப்படியிலிருந்து புறப்பட்டது என்பது சிலருக்குப் பெரிய விஷயம் என்பதால் இந்த விவரங்கள் தேவைப்படுகின்றன. காலம், சன் டிவி வந்த புதிது. ஆய்வாளருக்கு அப்போது வயது ஒன்பது. பதவி, தட்டுத் தூக்கி.

இம்மாதிரி விஷயங்களில் வெளிநாட்டார் நம்மை முந்திக்கொள்வது வழக்கம். மாலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலில், நியூகினிக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் சிவப்புச் சிப்பி மாலைகள் வலமாகவும் வெள்ளைச் சங்கு வளையங்கள் இடமாகவும் கைமாறிக் கைமாறிச் சுற்றி வருவதை விவரித்தார். மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதியபோது மூன்று கடமைகளை வகுத்தார்: கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும். இருவரும் மதுரைக்கு வராமல் போனது ஆய்வுலகின் நஷ்டம். வந்திருந்தால் ஒன்றோடொன்று மோதும் இன்னும் இரண்டு கடமைகளை மோஸ் சேர்த்திருப்பார். தட்டு கொண்டுவந்த பிள்ளையை வாசலில் காக்க வைக்கக் கூடாது. தட்டை வெறுமையாகவும் அனுப்பக் கூடாது.

மோதல் எங்கே வருகிறது என்றால், பதில் பலகாரம் இன்னும் சாமிக்குப் படைக்கப்படாமல் தூக்குச்சட்டிக்குள் இருக்கும்போது. பிள்ளை வாசலில் ஒற்றைக் காலில் நிற்கிறான், அவனுடைய ஊசிவெடிச் சரத்தை வேறு எவனோ பிரித்துக்கொண்டிருக்கிறான். இந்த நெருக்கடிக்கென்றே அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. அதிலிருந்து ஒரு கரண்டி சீனி, தட்டின் நடுவில். சீனி என்பது ரசீது. கணக்கு மத்தியானம். அந்த ரசீது முற்றத்தைக் கடக்கையில் பெரும்பாலும் தட்டுத் தூக்கியின் நாக்கில் ரத்தாகிவிடும். இந்தப் போக்குவரத்துச் சேதாரத்தை எல்லா வீடுகளும் அறிந்தே அனுமதித்தன. அதுதான் எங்கள் கூலி.

தட்டை மூடும் முறைகள் இரண்டு. வசதியான வீடு என்றால் ஓரத்தில் மணி கோத்த பூப்பின்னல் துணி. மற்ற வீடுகளில் தினத்தந்தி. 1942இல் மதுரையிலேயே பிறந்த பத்திரிகை அது, மதுரைப் பலகாரத்தை மூடும் உரிமை அதற்கு இல்லாமல் வேறு எதற்கு? அதிரசத்தின் எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடியாகிவிடும். 1960 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கன்னித்தீவின் சிந்துபாத்தும், பின்பக்கத்துச் சினிமா விளம்பரத்தின் நாயகியும் ஒரே கட்டத்தில் நிற்பார்கள். அன்றைய கதையை அப்படியே புரிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு.

இனி முறுக்கு. இக்கட்டுரையின் மையச் சிக்கல் இதுதான். மாலினோவ்ஸ்கியின் தீவுகளில் எது எந்தத் திசையில் போகும் என்று ஒழுங்கு இருந்தது. எங்கள் முற்றத்தில் முறுக்கு எல்லாத் திசையிலும் போயிற்று. ஆறு வீட்டிலும் முறுக்கு, ஒவ்வொரு வீடும் மற்ற ஐந்து வீட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். ஆகவே மத்தியானத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் சொந்த முறுக்கைவிட வந்த முறுக்கு அதிகமாகிவிடும். வந்ததை இன்னொருவருக்குத் தள்ளிவிடும் எண்ணம் யாருக்கும் வரும். தள்ளியது அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று சுற்றிப் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தால்?

அம்மாவிடம் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. எங்கள் பித்தளை முறுக்கு உழக்கின் நட்சத்திர அச்சில் ஒரு முனை, எப்போதோ தரையில் விழுந்து நசுங்கியிருந்தது. அதனால் எங்கள் முறுக்கின் முதுகில் ஒரு பக்கம் முள் எழும்பாமல், வழுவழுவென்று ஒரு கோடு சுற்று முழுக்க ஓடும். குழலின் உள்வரிகள் தோட்டாவில் பதிவதை வைத்துச் சுட்ட துப்பாக்கியைக் காவல்துறை அடையாளம் காண்கிறதே, அதே தத்துவம். ஒரு தீபாவளி மத்தியானம், கடைசி வீட்டுப் பெரியம்மா அனுப்பிய தட்டைத் திறந்த அம்மா ஒரு முறுக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

“பாத்தீங்களா அத்தை, நம்ம முறுக்கையே நமக்குக் குடுத்து விட்டுருக்காங்க.”

அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது: “அடியே, போன வாரம் உழக்க இரவல் வாங்கிட்டுப் போனவ யாரு? அவதானே.”

விசாரித்ததில், உழக்கு அந்த வாரத்தில் கடைசி வீட்டோடு நிற்கவில்லை என்பது தெரியவந்தது. அது காம்பவுண்டில் பாதி வீடு ஏறி இறங்கிவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள்தான் எங்களிடம் திரும்பியிருக்கிறது. காம்பவுண்டு முறுக்கில் பாதிக்கு மேல் அதே வழுவழுக் கோடு. தடயவியல் அத்தோடு படுத்தது. அதன்பின் எள்ளா ஓமமா, உப்புக் கூடவா குறைவா என்ற நாக்குச் சாட்சியம்தான் எடுபட்டது. அதில் அப்பத்தா தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

அதிரசத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. யாரும் அதைக் கைமாற்ற மாட்டார்கள். பாகு ஒரு நொடி பிசகினாலும் எண்ணெயில் உதிர்ந்துவிடும் பண்டம் அது. உதிராமல் வந்தால் தன் கைப்பெருமையாக ஊருக்குக் காட்டத் தோன்றும், அடுத்தவர் கைப்பெருமையைக் காட்ட எவருக்கும் மனசு வராது. தவிர, திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் அதிரசப்படி என்றே ஒரு படையல் வகை உண்டு. கல்வெட்டில் ஏறிய பலகாரத்தோடு விளையாட முடியுமா? மைசூர்பாகின் கடினத்தன்மை குறித்த நகைச்சுவைகளை இக்கட்டுரை திட்டமிட்டே தவிர்க்கிறது. அத்துறையில் ஆராய்ச்சி ஏற்கெனவே மிகுந்துவிட்டது.

பாய் வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் தீபாவளித் தட்டு போனால் பதில் அன்றைக்கே வராது. அது நீண்டகாலக் கடன். டீச்சர் வீட்டுக் கடன் டிசம்பர் 25இல் கேக்காக முதிரும், நாள் மாறாது. பாய் வீட்டுக் கணக்கு பிறைக் கணக்கு, ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டில் நகர்ந்து நகர்ந்து ரம்ஜான் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் வந்துவிட்டது. ஒரே ஆண்டில் இரண்டு ரம்ஜான் பிரியாணிக்கு ஒரே ஒரு தீபாவளி முறுக்கு! அந்தப் பற்றாக்குறை இன்றுவரை ஈடுகட்டப்படவில்லை. முட்டை தொடாத இரண்டு வீட்டுக்கும் பாய் வீட்டிலிருந்து சேமியாப் பாயசம் வரும். அதற்கென்று அந்தம்மா ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் தனியாக வைத்திருந்தார், கறி பட்டதே கிடையாது. எவரும் கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை. வருஷத்தில் ஒரு நாள் தவிர அந்தச் சட்டி பரணில்தான் இருக்கும்.

சட்டத்துக்கு விலக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டில் சாவு விழுந்த வருஷம் அங்கே எண்ணெய்ச் சட்டி ஏறாது. அந்த வருஷம் அந்த வீட்டுக்குத்தான் எல்லாத் தட்டும் முதலில் போகும், வழக்கத்தைவிடக் குவித்து. அங்கிருந்து மட்டும் தட்டு வெறுமையாகத் திரும்பும், சீனிகூட இருக்காது. “அவங்க ஒண்ணும் தரமாட்டாங்க, நீ பேசாம வாங்கிட்டு வந்துரு” என்று முன்கூட்டியே சொல்லித்தான் எங்களை அனுப்புவார்கள். அந்தத் தட்டை அம்மா சாப்பாட்டுத் தட்டுகளோடு கழுவி வைத்துவிடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். மோஸின் மூன்று கடமைக்குள் இதை எங்கே அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் தட்டும் எவர்சில்வர், எல்லாத் தட்டின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக்கடையில் ஒரு பையன் கொர்ரென்று கத்தும் சிறு கருவியால் வெட்டிக் கொடுப்பான். எழுத்துக்குக் காசு என்பதால் பெயர்கள் முதலெழுத்தாகக் குறுகும். கல்யாணத்தில் வந்த தட்டாக இருந்தால் பெயர் கொடுத்தவருடையது, தட்டு எங்களுடையது, இப்போது இருப்பது மூன்றாவது வீட்டில். ஆக, தட்டு தன் சொந்த வீட்டைக் கண்டுபிடிக்கப் பெயர் உதவாது. சொட்டை, கீறல், விளிம்பு மடிப்பு இவற்றை வைத்தே பெண்கள் தட்டுகளைப் பிரித்தறிந்தார்கள். பட்டிமன்ற மேடையில் சாலமன் பாப்பையா தொண்டையைச் செருமுவதற்குள் இந்தப் பரிவர்த்தனை எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பது எழுதாத விதி.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது டிவியுமல்ல, அடுக்குமாடியுமல்ல. அட்டைப்பெட்டி. கடையிலிருந்து வரும் கால்கிலோ ஸ்வீட் பெட்டியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. திருப்பித் தர ஒன்றும் இல்லாதபோது அதன்மேல் எதை வைத்து அனுப்புவது? பெட்டி வருகிறது, நாமும் ஒரு பெட்டி கொடுக்கிறோம், கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பாக்கி வைத்திருப்பவர்கள்தான் மறுபடி கதவைத் தட்டுவார்கள்.

இந்த முடிவுகளை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து பரணைக் காட்டினாள்.

“அது கெடக்கட்டும். கடைசி வீட்டுப் பெரியம்மா தட்டு ஒண்ணு அங்கன இருக்கு, தெரியுமா? அவங்க திருநகர் பக்கம் குடிபோனதுலருந்து இருக்கு.”

“திருப்பிக் குடுக்க வேண்டியதுதானேம்மா?”

“வெறுந்தட்டையா கொண்டுபோய் நீட்டச் சொல்ற? வருசாவருசம் ஏதாவது சுட்டு வச்சுக் குடுத்துரலாம்னுதான் பாக்குறேன், கை வலியில முடியல.”

“கடையில வாங்கி வச்சுக் குடுப்போம்.”

“நல்லாருக்கே. கடை முறுக்குல அஞ்சு முள்ளும் ஒழுங்கா இருக்கும்ல, பாத்த ஒடனே கண்டுபிடிச்சிரும் அந்தம்மா.”