போக்தானா விஷ்ணுசித்தோவ்னா: ஒரு பெயராய்வு

ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியில் நின்று "ஏ ஆண்டாளு!" என்று குரல் கொடுத்தால், பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை நாலு தலையாவது திரும்பும். "ஏ போக்தானா!" என்றால் ஒரு தலையும் திரும்பாது. இது அறிவுலகத்துக்கு நேர்ந்த பேரிழப்பு என்பதே இவ்வாய்வின் துணிபு.

போக்தான் என்பது ஸ்லாவிய மக்களின் பழைய ஆண்பெயர்; பெண்பால் போக்தானா. உக்ரேனியர் நாவில் போஹ்தான். 1648இல் போலந்து அரசுக்கு எதிராகக் கிளர்ந்த கொசாக்குத் தலைவர் ஹ்மெல்னீத்ஸ்கிக்கும் இதே பெயர்தான். 'போக்' கடவுள், 'தான்' கொடுக்கப்பட்டது. முன்னது நம் பகவானில் உள்ள 'பக'வுக்கு உறவு. பின்னது தானத்துக்கும் தத்தத்துக்கும் பங்காளி. ஆகவே, சுப்ரதீகம் என்ற யானைமேல் ஏறிக் குருக்ஷேத்திரத்தில் கௌரவர் பக்கம் நின்ற பகதத்தனும் பதவுரைப்படி ஒரு போக்தானே. உக்ரேனில் ஏது யானை என்று குறுக்கே கேட்பவர் ஆய்வு நெறி அறியாதார்.

இனி முதன்மைச் சான்று. தாய்தகப்பன் தெரியாமல் கண்டெடுத்த பிள்ளைகளுக்கும் பழைய ரஷ்யாவில் போக்தான் என்று பெயரிடுவதுண்டு. இங்கே, ஆடிப்பூரத்தன்று நந்தவனத்துத் துளசியடியில் பெரியாழ்வார் ஒரு பெண்குழந்தையைக் கண்டெடுத்தார். கடவுள் கொடுத்தது, மனிதர் கண்டெடுத்தது: இரண்டு இலக்கணமும் அச்சாகப் பொருந்துகின்றன. ஆழ்வாரோ கோதை என்று பெயர் வைத்துவிட்டார். கோதை என்றால் மாலை; பெருமாளுக்குப் பூக்கட்டுகிறவருக்கு வேறென்ன தோன்றும்?

தகப்பன் பெயரைப் பிள்ளையோடு அனுப்புவதில் இரு நாட்டாரும் ஒரே ஜாதி. ரஷ்யர் அதற்கு ஓவிச், ஓவ்னா என்று வால் ஒட்டுவர். நாம் ஓரெழுத்தோடு நிறுத்திப் புள்ளி வைப்போம். விளாதிமிர் இலியீச் லெனினுக்கு நம் ரேஷன் அட்டையில் இ. விளாதிமிர் என்றே விழுந்திருக்கும். பெரியாழ்வாரின் இயற்பெயர் விஷ்ணுசித்தர். எனவே மகள், போக்தானா விஷ்ணுசித்தோவ்னா. 11 நிலைக் கோபுரம் உள்ள ஊருக்கு இந்த நீளம் தகும். வாயில் பால்கோவாவை வைத்துக்கொண்டு சொல்லிப்பார்க்க வேண்டாம்.

சிக்கல் கல்யாணத்தில் வருகிறது. ரஷ்யப் பெண் யாரைக் கட்டினாலும் தந்தைவழிப் பெயரை விடமாட்டாள். இங்கே பல வீடுகளில் தாலி ஏறினால் இனிஷியலும் மாறிவிடும். அப்படியானால் அரங்கனை மணந்த ஆண்டாள் இன்னும் 'வி.'யா, இல்லை 'ர.'வா? கருவறையில் போய்ப் பார்த்தால் வழக்கு இன்னும் முற்றுகிறது. ஆண்டாளோடு ரங்கமன்னார் நிற்கிறார். கூடவே கருடாழ்வாரும் நிற்கிறார். அந்தக் கருடனின் அம்சமே பெரியாழ்வார் என்பது நம்பிக்கை. மாப்பிள்ளையும் மாமனாரும் ஒன்றாக நின்று முறைக்கும்போது எந்தத் தாசில்தார் பெயர்த்திருத்தத்தில் கையெழுத்துப் போடுவார்?

ஆண்டாள் கையில் உள்ள கிளியைச் சாட்சிக்கு அழைக்கலாம். மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடம்புமாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் களைதான் முகத்தில். ஆனால் சாட்சியைத் தினம் ஒன்றாக மாற்றிவிடுகிறார்கள்.